இரண்டு வயர், மூன்று வாய்

டெல்லி முனிர்காவில் சாந்தகுமாரி என்று பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'டைப்பிங் வாலி ஆன்ட்டி', டைப் அடிக்கிற ஆன்ட்டி, என்றால் எருமை கட்டியிருக்கும் சந்துக்குள் கையைக் காட்டி, பச்சைக் கதவு, மாடி என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய ஆய்வேடு அவள் விரல் வழியாகத்தான் வெளியே போயிருந்தது.

அருப்புக்கோட்டையில் தட்டெழுத்தில் ஹையர் பாஸ் செய்த கையோடு கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள். கணவன் சிவஞானத்துக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் கிடைக்கும் என்று காத்துக்கொண்டே முனிர்காவில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஆராய்ச்சி மாணவர்கள் டைப்ரைட்டர் பிரதியைப் பார்த்து முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். "ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டு நழுவினார்கள். சாந்தகுமாரி ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போனாள். கடையில் முழுசாக விற்ற கம்ப்யூட்டரின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், நேரு ப்ளேஸ் கடைத்தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கினாள். அங்கே பழக்கமான ஒரு மெக்கானிக் கூடவே இருந்து காட்டிக்கொடுக்க, சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தானே பூட்டி முடித்தாள். அந்த மெக்கானிக் அடுத்த மாதமே வேலை கிடைத்து துபாய்க்குப் போய்விட்டான்.

இதையெல்லாம் கேட்டால் அவளைத் துணிச்சல்காரி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவளைப் போலப் பயந்தவள் அந்தச் சந்தில் கிடையாது. வாசலைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடியாயிற்றா என்று தூக்கத்தில் எழுந்து பார்ப்பாள். "நீ இழுக்குற இழுப்புல அந்தப் பூட்டுக்கே நெஞ்சு வலி வந்துரும்" என்பான் சிவஞானம். அவன் மட்டும் என்ன, பல்பு மாற்றுவதற்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம். வெளியே லூ காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. சாந்தகுமாரி கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைக்க எழுந்தாள். அதற்குள் கீழே வீட்டுக்காரம்மா கூப்பிட்ட குரல் கேட்டு மாடிப்படிப் பக்கம் போனாள். திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. வந்த வேகம் சரியில்லை. மேலே விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று தவித்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு கருகிய வாடை.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் போனால் போகிறது, உள்ளே இருந்தது ராஜகோபாலனின் ஆய்வேடு.

ராஜகோபாலன் டெல்லி சரோஜினி நகரிலேயே பிறந்து வளர்ந்த பையன். யமுனைக் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றி எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். தார்வாரில் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து சேர் என்று சொல்லியிருந்தார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசிக் கெடு திங்கட்கிழமை மாலை. அந்த வாரம் முழுக்கத் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வழிகாட்டி சொன்ன திருத்தங்களை வாயால் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளும் அடித்துக்கொண்டே இருந்தாள். பழைய அத்தியாயங்கள் பிளாப்பியில் பத்திரமாக இருந்தன. புதிதாக அடித்தது எதுவும் பிளாப்பியில் இல்லை, தாளிலும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் போனாள்.

சாயங்காலம் வந்த ராஜகோபாலன் விஷயத்தைக் கேட்டதும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, எல்லாம் போயிடுத்தா? சச் சச், உண்மையைச் சொல்லுங்கோ."

"தெரியலை தம்பி. வெடிச்சது பவர் சப்ளைதான், வாடை அதுலருந்துதான் வருது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நினைக்கேன்."

"நினைக்கறேளா, தெரியுமா?"

"நினைக்கேன்" என்றாள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு யாருடைய கம்ப்யூட்டரிலாவது மாட்டிப் பார்க்கலாமே என்றான் சிவஞானம். அந்த டிஸ்க் அதே பெட்டிக்குள் இருக்கும் தன் கார்டோடு மட்டும்தான் பேசும் என்று துபாய்க்குப் போன மெக்கானிக் சொல்லியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. போதாக்குறைக்கு டெல்லி பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குலுங்க விடவும் அவள் தயாராக இல்லை.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே நேரு ப்ளேஸில் இருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்தால் பார்க்கிறோம், ஒரு வாரம் ஆகும் என்றார்கள் இரண்டு கடைகளில். மூன்றாவது கடைக்காரர், வயதான பஞ்சாபி, அலமாரியின் அடியிலிருந்து ஒரு பவர் சப்ளையை எடுத்து வைத்தார். உள்ளூரில் செய்தது. மதர்போர்டுக்குப் போகிற இரண்டு பிளக்குகள் சரியாக இருந்தன. டிரைவ்களுக்குப் போகிற வயர்கள்தான் உதைத்தன. பழையதில் நாலு இருந்தது. இதில் இரண்டே இரண்டு, அதுவும் குட்டையாக.

"பாயி சாப், எனக்கு மூணு வேணுமே. ஒரு ஹார்ட் டிஸ்க், ரெண்டு பிளாப்பி" என்றாள் இந்தியில்.

"கோயி பாத் நஹீன் பெஹன்ஜி." கவலை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, சுவரில் ஆணியில் கொத்தாகத் தொங்கியதிலிருந்து ஒரு வயரை உருவினார். ஒரு முனை உள்ளே போக, இரண்டு முனை வெளியே வந்தது. "இதை மாட்டுங்கள், ஒன்று இரண்டாகிவிடும்."

வீட்டுக்கு வந்தபோது ராஜகோபாலன் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். சிவஞானம் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் காவல் நின்றான். சாந்தகுமாரி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். வெடித்த பவர் சப்ளையை எடுத்துப் பால்கனியில் வைத்தாள். புதியதைத் திருகாணி போட்டு முடுக்கினாள்.

முதல் கண்டம் மதர்போர்டு. அதற்கு இரண்டு பிளக். இரண்டும் ஒரே அளவு, ஒரே உருவம், ஒட்டி ஒட்டி உட்காரும். இடம் மாற்றிச் செருகினாலும் தடையில்லாமல் உள்ளே போய்விடும், போர்டுதான் எரிந்துபோகும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும் என்று மெக்கானிக் சொன்னது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தும், அப்படித்தான் சொன்னானா, நேர்மாறாகச் சொன்னானா என்று சந்தேகம் வந்தது. பால்கனிக்குப் போய்ப் பழைய பவர் சப்ளையின் பிளக்குகளைப் பார்த்தாள். கழற்றும்போதே இரண்டையும் ஒரு ரப்பர் பேண்டில் அதே வரிசையில் கட்டி வைத்திருந்தாள். கறுப்பும் கறுப்பும் நடுவில்தான் இருந்தன.

"போடுங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

சிவஞானம் சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் எண்கள் ஓடின; பிறகு டிரைவ் ஒன்றையும் காணோம் என்று புலம்பியது. அந்தப் புலம்பல் சாந்தகுமாரிக்குத் தாலாட்டு மாதிரி கேட்டது. போர்டு பிழைத்திருந்தது.

மறுபடி அணைத்துவிட்டு வயர்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாள். அங்கேதான் சிக்கல். பிளாப்பி டிரைவ்கள் வலது பக்கம், பவர் சப்ளையின் முன்னாலேயே இருந்தன. ஹார்ட் டிஸ்க் இடது ஓரத்தில். குட்டை வயர் இரண்டும் அதுவரை எட்டவில்லை. கடைக்காரர் கொடுத்த வயரைச் சேர்த்தால் தாராளமாக எட்டியது.

"அதையே ஹார்ட் டிஸ்க்குக்குக் குடுத்துடுங்கோ அக்கா" என்றான் ராஜகோபாலன். "பிளாப்பி பாத்துக்கலாம். மொதல்ல திறந்து, எழுதினது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போறும். நேத்திலேர்ந்து நேக்கு ஒரு வாய் இறங்கலை."

சாந்தகுமாரி வயரின் முனையை ஹார்ட் டிஸ்க்கின் வாயருகே கொண்டுபோனாள். பாதி செருகியும் விட்டாள். அவளுக்கும் அவனைப் போலவே அவசரம்தான். ஆனால் விரல் மேலே அழுத்த மாட்டேன் என்றது. காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. ஆணியில் தொங்கிய கொத்து கண்ணுக்குள் வந்தது. யார் செய்ததோ, எங்கே செய்ததோ.

முனையை வெளியே இழுத்தாள்.

"என்ன அக்கா?"

"முதல்ல பிளாப்பி ரெண்டையும் இதுல மாட்டிப் பாப்போம். பிளாப்பி டிரைவ் போனா வேற வாங்கிக்கலாம். இது ஒண்ணுதானப்பா இருக்கு."

"அர்ரே, புது வயர் அக்கா அது!"

"புதுசுங்கறதாலதான் சொல்லுதேன்."

ராஜகோபாலன் தலையில் கை வைத்துக்கொண்டான். சிவஞானத்தைப் பார்த்தான். சிவஞானம், "அவ சொல்றபடி செய்யட்டும் விடுங்க. இல்லேன்னா ராத்திரி பூரா அதையே சொல்லிக்கிட்டுக் கெடப்பா" என்றான்.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் கொடுக்காமல், பிரிப்பு வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு பிளாப்பி டிரைவ்களுக்குக் கொடுத்தாள். சுவிட்ச் போட்டார்கள். மேல் டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கீழ் டிரைவின் விளக்கு எரியவே இல்லை. அதன் வாயிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு இழை மெதுவாக மேலே எழும்பியது.

"அணைங்க! அணைங்க!"

அணைத்த பிறகும் புகை கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. சாந்தகுமாரி வயரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே போகிற முனையில் மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு. மேல் டிரைவுக்குப் போன முனையிலும் அதே வரிசை. கீழ் டிரைவுக்குப் போன முனையில் சிவப்பு, கறுப்பு, கறுப்பு, மஞ்சள். செய்தவன் கை தவறித் திருப்பிப் போட்டிருந்தான். ஐந்து வோல்ட் போகவேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு போயிருந்தது.

ராஜகோபாலன் கிட்டே வந்து பார்த்தான். "அந்த முனையையா ஹார்ட் டிஸ்க்ல..."

சாந்தகுமாரி, தான் பாதி செருகியது எந்த முனை என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவஞானம் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி குடித்தாள், பாதி புடவையில் கொட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். எரிந்த டிரைவைக் கழற்றினாள். பிரிப்பு வயரைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள். இனி இரண்டு வயர், இரண்டு வாய். எட்டாத ஹார்ட் டிஸ்க்கின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை இரண்டு கையாலும் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி, பவர் சப்ளைக்குப் பக்கத்தில் மடித்த செய்தித்தாள் மேல் படுக்க வைத்தாள். வயர் எட்டியது. மற்ற வயரை மிஞ்சிய பிளாப்பி டிரைவுக்குக் கொடுத்தாள். நிறங்களை அவள் பார்த்தாள். சிவஞானத்தைப் பார்க்கச் சொன்னாள். ராஜகோபாலனையும் உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள்.

சுவிட்ச் போட்டதும் டிஸ்க் சுழல ஆரம்பித்த சத்தம் கேட்டது. மெல்ல ஏறி விர்ரென்று ஒரு நிலைக்கு வருகிற அந்தச் சத்தம் எல்லாருக்கும் பழக்கமானது. அன்று அது பாதியில் தேய்ந்தது. திரை இருண்டது. மறுபடி 'பீப்'. மறுபடி எண்கள். மறுபடி டிஸ்க் எழும்பி, மறுபடி தேய்ந்தது.

"கயா" என்று முனகினான் ராஜகோபாலன். போச்சு என்று அர்த்தம்.

சாந்தகுமாரிக்கும் அப்படித்தான் பட்டது. சுவிட்சை அணைக்கக் குனிந்தபோது ஸ்டெபிலைசரின் முள் கண்ணில் பட்டது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே படுத்துக் கிடந்தது. மணி இரண்டு. சந்து பூராவும் கூலர் ஓடுகிற நேரம். வருகிற கரண்டே அரைவயிறு. அதில் புதுப் பவர் சப்ளை எத்தனை பேருக்குப் படியளக்கும்?

"டிஸ்க் கெடலைங்க. எழும்பப் பலம் பத்தலை. கூலரையெல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னா முள்ளு ஏறும்."

"மே மாசத்துல, ரெண்டு மணிக்கு, முனிர்கால, கூலரை நிறுத்தச் சொல்லணும்" என்றான் சிவஞானம். "மண்டையை உடைப்பானுக." சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினான். மின்சாரம்தான் அவனுக்குப் பயம்; மனுஷர்களிடம் பயம் கிடையாது. பக்கத்து அறைகளில் குடியிருந்த பையன்களிடம் அவன் போனான். கீழே வீட்டுக்காரம்மாவிடம் சாந்தகுமாரி போனாள்.

எல்லாரும் சௌத்ராயின் என்று கூப்பிடுகிற வீட்டுக்காரம்மா பேரக் குழந்தையைக் கூலர் முன்னால் தூங்கப் போட்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"பாகல் ஹோ கயீ ஹை கியா? பைத்தியமா உனக்கு? குழந்தை வெந்து போகுமே!"

"அரை மணி நேரம் அம்மாஜி. அந்தப் பையன் எட்டு வருஷமா எழுதினது உள்ளே மாட்டிக்கிட்டிருக்கு. திங்கட்கிழமை கொடுக்கலேன்னா எல்லாம் வீண்."

"எட்டு வருஷமா? என்னத்தை எழுதினான்?"

"யமுனைக் கால்வாயைப் பத்தி."

"கால்வாயைப் பற்றி எட்டு வருஷமா!" சௌத்ராயின் வாயில் கையை வைத்தாள். அவள் பிறந்த ஊர் கால்வாய்க் கரையில். கொஞ்ச நேரம் குழந்தையையும் சாந்தகுமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, பனையோலை விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு, காலாலேயே கூலர் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். "ஜா. ஜல்தி கர்" என்று, சீக்கிரம் முடிக்கச் சொல்லி விரட்டினாள்.

மாடியேறி வந்தபோது ஒவ்வொரு கூலராக நிற்கிற சத்தம் கேட்டது. ஸ்டெபிலைசரின் முள் நடுங்கி நடுங்கிச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அப்போதும் சாந்தகுமாரி இரண்டையும் சேர்த்து எழுப்பவில்லை; பிளாப்பியின் வயரைக் கழற்றினாள். முதலில் டிஸ்க்குக்கு மட்டும் கொடுத்தாள். சத்தம் ஏறியது, நிலைத்தது. திரையில் ஹார்ட் டிஸ்க்கைக் குறிக்கும் C எழுத்து வந்து கண் சிமிட்டியது. ஆறாம் அத்தியாயம் இருந்தது. முடிவுரை இருந்தது. ராஜகோபாலன் அழுதே விட்டான்.

அணைத்து, பிளாப்பிக்கும் வயரைக் கொடுத்து, மறுபடி போட்டாள். இரண்டும் எழுந்தன. நகல் எடுக்கும்போது டிரைவ் 'கர் கர்' என்று அரைத்த ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார்கள். கீழே குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்து அறையிலிருந்து ஒருவன், முடிந்துவிட்டதா என்று, "ஹுவா கியா?" எனக் கத்தினான். நகல் முடிந்தது. ராஜகோபாலன் பிளாப்பியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தம்பி, வேர்வை படும், அதைக் கீழ வைங்க" என்றாள். இன்னொரு பிளாப்பியில் இன்னொரு நகல் எடுத்தாள். அதற்கப்புறம்தான் சிவஞானம் படியிறங்கிப் போய்க் கூலர் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. பாதியில் ராஜகோபாலன், "அக்கா, நன்றி பக்கத்துல உங்க பேரைச் சேக்கணும். ஒரே ஒரு வரி" என்றான்.

"வேணாம் தம்பி. அந்தப் பக்கம் பிரிண்ட் ஆயிருச்சு. இனிமே அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு மனசில்லை" என்றாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். திறக்கவே இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. ஜூலையில் அவன் தார்வாருக்கு ரயிலேறினான்.

செவ்வாய்க்கிழமை அவள் அந்த வயரை எடுத்துக்கொண்டு நேரு ப்ளேஸுக்குப் போனாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஒன்று தவறியிருக்கும் பெஹன்ஜி, வேறு தருகிறேன்" என்று ஆணிப்பக்கம் கையை நீட்டினார்.

"வேண்டாம். எல்லாத்தையும் கீழே இறக்குங்கள்."

அவர் முறைத்தார். அவள் அசையவில்லை. பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். கடைசியில் அவர் கொத்தை இறக்கி மேஜைமேல் போட்டார். இருவரும் ஒவ்வொன்றாகப் பிரித்து நிறம் பார்த்தார்கள். இன்னும் இரண்டு வயர்கள் அதே மாதிரி மாறியிருந்தன. பெரியவர் பேசாமல் கத்தரியை எடுத்து மூன்றையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். எரிந்த டிரைவுக்குப் பதிலாக வேறொன்று கொடுத்தார்.

"இதுவரை எத்தனை விற்றீர்கள்? யார் வாங்கினார்கள்?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும் பெஹன்ஜி? வருகிறார்கள், வாங்குகிறார்கள், போகிறார்கள்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிரைவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொத்திலிருந்து முன்பே போன வயர்கள் இந்நேரம் எந்தெந்த வீட்டு மேஜையில் இருக்குமோ, யாருடைய பெட்டிக்குள் யார் அதைச் செருகிக்கொண்டிருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள். முனிர்கா நிறுத்தம் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள்.